பேட்டரிக் கருவிக்கு எந்த ரீசெட்? நானோஆம்பியர் சூப்பர்வைசர் சிப்பும் மற்ற வழிகளும்

மைக்ரோகன்ட்ரோலர் (நிரலை ஓட்டும் சிறு கணினிச் சிப்) வைத்துக் கருவி செய்பவர்கள், மின்சாரம் வரும்போது என்ன நடக்கிறது என்பதைக் கவனமாகப் பார்க்கிறார்கள். போகும்போது நடப்பதை யாரும் பார்ப்பதில்லை. சுவிட்சைப் போட்டதும் திரையில் எழுத்து வந்துவிட்டால் ரீசெட் (சிப்பை நிறுத்திவைத்து நிரலை முதலிலிருந்து தொடங்கவைக்கும் ஏற்பாடு) சரியாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடுகிறோம். உண்மையான சேதம் நடப்பது மின்னழுத்தம் சரிந்துகொண்டிருக்கும் அந்தச் சில மில்லிவினாடிகளில். ஆகவே ரீசெட்டுக்கு எந்த வழி நல்லது என்ற கேள்வியை, மின்னழுத்தம் இறங்கும்போது அந்த வழி என்ன செய்கிறது என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பேட்டரியில் ஓடும் கருவிகளுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

பலர் கையிலும் புழங்கும் ஏடிமெகா328பி சிப்பையே எடுத்துக்கொள்வோம். ஆர்டுயினோ ஊனோவில் இருப்பது அதுதான். 10 மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்குக் குறைந்தது 2.7 வோல்ட் வேண்டும், 20 மெகாஹெர்ட்ஸுக்கு 4.5 வோல்ட் வேண்டும் என்கிறது அதன் டேட்டாஷீட் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்). இடையில் நேர்கோடு. கணக்குப் போட்டால் ஊனோவின் 16 மெகாஹெர்ட்ஸுக்கு 3.78 வோல்ட் வருகிறது. அதற்குக் கீழே போனால் சிப் நின்றுவிடும் என்று நினைக்கக் கூடாது. அது தொடர்ந்து ஓடும். ஆனால் தவறாக ஓடும். ஒரு கட்டளையை வேறொன்றாகப் படிக்கும், நிரலில் போகக்கூடாத இடத்துக்குத் தாவும். தாவிய இடத்தில் ஈஈப்ராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில்) எழுதும் கட்டளைகள் இருந்தால், எந்த முகவரி, எந்த மதிப்பு என்ற கணக்கே இல்லாமல் ஒரு பைட் எழுதப்பட்டுவிடும். மின்சாரம் திரும்பியதும் கருவி ஒழுங்காக ஓடத் தொடங்கும். சென்சாரின் அளவுத்திருத்த எண் மட்டும் மாறிப்போயிருக்கும். கருவி செத்துப்போனால் காரணத்தைத் தேடலாம். உயிரோடு இருந்துகொண்டு தவறான எண்ணைக் காட்டினால், நிரலில் பிழை என்று வாரக்கணக்கில் தேட வேண்டியதுதான்.

இதைத் தடுக்க ஒரே வழி, மின்னழுத்தம் போதாத நேரம் முழுவதும் ரீசெட்டை அழுத்திப் பிடித்து வைத்திருப்பது. அதை யார் செய்வது, ரெசிஸ்டர்-கெப்பாசிட்டர் சுற்றா, சிப்புக்குள்ளேயே இருக்கும் டிடெக்டரா, மின்னழுத்தத்தைக் கண்காணிக்கவே வெளியே தனியாக வைக்கும் சூப்பர்வைசர் சிப்பா என்பதில்தான் தேர்வு இருக்கிறது.

ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும்

8051 என்ற பழைய மைக்ரோகன்ட்ரோலரைப் படித்த எல்லோருக்கும் இந்தச் சுற்று மனப்பாடம். சப்ளைக்கும் ரீசெட் முனைக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட், ரீசெட் முனையிலிருந்து தரைக்கு 8.2 கிலோஓம். மின்சாரம் வந்ததும் ரீசெட் முனை மேலே எழுந்து, 82 மில்லிவினாடி காலமாறிலியில் மெல்ல இறங்கும்; முனை மேலே இருக்கும்வரை 8051 ரீசெட்டில் இருக்கும். செலவு மிகக் குறைவு, சும்மா இருக்கும்போது மின்சாரமும் குடிக்காது.

ஆனால் இந்தச் சுற்று எதையும் அளப்பதில்லை. தாமதிக்க மட்டுமே செய்கிறது. வீட்டில் கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் தருணத்தை நினைத்துப் பாருங்கள். கருவியின் 5 வோல்ட் சப்ளை ஒரு கணம் 3 வோல்ட்டுக்கு இறங்கி மறுபடி ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறும்போது அந்தக் கெப்பாசிட்டர் வழியாக ரீசெட் முனைக்குப் போகும் துடிப்பு அதிகபட்சம் 2 வோல்ட். ஏடி89எஸ்52 போன்ற 8051 வகைச் சிப், தன் ரீசெட் முனையில் சப்ளையின் 0.7 மடங்கு, அதாவது 3.5 வோல்ட் இருந்தால்தான் அதை ரீசெட் என்று ஒப்புக்கொள்ளும். 3 வோல்ட்டில் நிரல் தடம் புரண்டிருக்கலாம். ரீசெட்டோ நடக்கவே இல்லை. கருவி அப்படியே உறைந்து நிற்கும், யாராவது வந்து பிளக்கைப் பிடுங்கிப் போடும் வரை. டயோடு சேர்த்தால் கெப்பாசிட்டர் வேகமாகக் காலியாகும் என்பது உண்மைதான். அது முழுமையாக மின்சாரம் போய் உடனே வருவதற்கு உதவும்; பாதி இறங்கி ஏறுவதற்கு உதவாது.

கல்லூரிப் புராஜெக்டுக்கு இது போதும். ஈஈப்ராமில் எதையாவது எழுதும் கருவிக்கும், மோட்டாரையோ ரிலேயையோ இயக்கும் கருவிக்கும் இதை மட்டும் நம்பக் கூடாது.

சிப்புக்குள்ளேயே இருக்கும் பிரவுன்-அவுட் டிடெக்டர்

மின்னழுத்தம் குறித்த நிலைக்குக் கீழே இறங்கினால் ரீசெட் செய்யும் இந்தச் சுற்று உண்மையிலேயே அளக்கிறது. தனிப் பாகம் வேண்டாம், பலகையில் இடம் வேண்டாம். அதன் மின்னழுத்த நிலை பொருந்தினால் இதையே பயன்படுத்தலாம். வெளிச் சிப் வாங்குவது வீண்செலவு. ஆனால் பொருத்தத்தில்தான் பிரச்சினை வருகிறது.

ஏடிமெகா328பி தரும் நிலைகள் மூன்றே: 1.8, 2.7, 4.3 வோல்ட். ஊனோவில் 2.7 வைக்கப்பட்டிருக்கிறது. 16 மெகாஹெர்ட்ஸுக்கு வேண்டியதோ 3.78. நடுவில் ஒரு வோல்ட்டுக்கும் மேல் பாதுகாப்பில்லாத இடைவெளி. சரி, 4.3 வைத்துவிடலாமே என்றால், அந்த நிலை சிப்புக்குச் சிப் 4.1 முதல் 4.5 வரை மாறலாம். யுஎஸ்பி விதிப்படி ஹப் வழியாக வரும் சப்ளை 4.40 வரை இறங்கலாம். ஆக, சில பலகைகள் காரணமில்லாமல் ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். அதே சிப்பை 8 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் கணக்கு அழகாக நேராகிவிடுகிறது. 8 மெகாஹெர்ட்ஸுக்கு 2.4 வோல்ட் போதும், 2.7 நிலையின் கீழ் எல்லை 2.5. உள்ளே இருப்பதே போதும். வேகம் தேவையில்லாத வேலைக்கு, பாகம் எதையும் சேர்க்காமல் கிடைக்கும் நல்ல தீர்வு இது.

எஸ்டிஎம்32எஃப்103 சிப்பில் கதை வேறு. அது ஏறக்குறைய 1.9 வோல்ட்டில் தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்கிறது; அந்த நிலையை மாற்ற முடியாது. சிப்புக்கு அது சரி. பக்கத்தில் இருக்கும் ஃபிளாஷ் மெமரிக்குப் பெரும்பாலும் 2.7 வோல்ட் வேண்டும். 2.3 வோல்ட்டில் மைக்ரோகன்ட்ரோலர் தெளிவாக யோசித்துக்கொண்டு, தெளிவில்லாத ஒரு மெமரியில் எழுதிக்கொண்டிருக்கும். ரீசெட் நிலையை முடிவு செய்யும்போது பலகையில் உள்ள எல்லாப் பாகங்களிலும் எதற்கு அதிக வோல்ட் வேண்டுமோ அதைத்தான் பார்க்க வேண்டும்.

இஎஸ்பி32 பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வைஃபை அனுப்பும்போது அது 240 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். சப்ளை தாங்காமல் இறங்கினால் பிரவுன்-அவுட் என்று செய்தி காட்டி ரீசெட் ஆகும். நிரலில் ஒரு வரி சேர்த்து அந்த டிடெக்டரையே அணைத்துவிடலாம் என்று இணையம் முழுக்க அறிவுரை கிடைக்கிறது. செய்யாதீர்கள். செய்தி நின்றுவிடும், இறக்கம் நிற்காது. 500 மில்லிஆம்பியர் தாங்கும் சப்ளையும், குட்டையான தடித்த கம்பியும், சிப்பின் அருகில் ஒரு நல்ல கெப்பாசிட்டரும்தான் அதற்கு மருந்து.

தூங்கும் கருவியும் மின்னோட்டக் கணக்கும்

உள்ளே இருக்கும் டிடெக்டரைப் பேட்டரிக் கருவிகளில் எல்லோரும் அணைத்துவிடுவதற்கு நியாயமான காரணம் உண்டு. ஏடிமெகா328பி ஆழ்ந்து தூங்கும்போது குடிப்பது சுமார் 0.1 மைக்ரோஆம்பியர். வாட்ச்டாக் டைமரை (நிரல் சிக்கிக்கொண்டால் ரீசெட் செய்யும் கடிகாரத்தை) எழுப்புமணியாக விட்டுவைத்தால் 3 வோல்ட்டில் 4 மைக்ரோஆம்பியர் அளவுக்கு வரும். பிரவுன்-அவுட் டிடெக்டர் மட்டும் தனியாக ஏறத்தாழ 20 மைக்ரோஆம்பியர். காவலுக்கு ஆகும் செலவு, வீட்டுச் செலவைவிட அதிகம்.

ஆண்டுக்கு 8,760 மணி நேரம். 20 மைக்ரோஆம்பியர் என்றால் ஆண்டுக்கு 175 மில்லிஆம்பியர்-மணி. சிஆர்2032 நாணய பேட்டரியில் மொத்தம் இருப்பதே 220 சொச்சம். கருவி எந்த வேலையும் செய்யாமலே, ஒன்றேகால் ஆண்டில் பேட்டரி காலி.

வெளியே வைக்கும் பழைய சூப்பர்வைசர் சிப்களும் இந்த வகையில் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. பெயர்பெற்ற மேக்ஸ்809 மூன்று கால் கொண்ட சிறிய சிப். அதன் ஒழுக்கம் அருமையானது. குறித்த நிலைக்குக் கீழே இறங்கினால் ரீசெட்டைப் பிடிக்கும். சப்ளை 1 வோல்ட் வரை இறங்கினாலும் விடாது. மறுபடி ஏறிய பிறகும் குறைந்தது 140 மில்லிவினாடி காத்திருந்துதான் விடும். ஆனால் 3.3 வோல்ட் வகை குடிப்பது சுமார் 17 மைக்ரோஆம்பியர், ஆண்டுக்கு 149 மில்லிஆம்பியர்-மணி. சுவரில் செருகும் கருவிக்கு இது ஒன்றுமே இல்லை. நாணய பேட்டரிக்கு இது கொள்ளை. அதே 809 எண்ணில் வேறு நிறுவனங்கள் விற்கும் சிப்களின் மின்னோட்டமும் தாமதமும் வேறாக இருக்கலாம் என்பதால், எண்ணை மட்டும் பார்த்து வாங்காமல் கையில் உள்ள சிப்பின் டேட்டாஷீட்டையே பார்க்க வேண்டும்.

மைக்ரோசிப் நிறுவனத்தின் எம்சிபி111, எம்சிபி112 இரண்டும் 1.75 மைக்ரோஆம்பியருக்குள் அடங்கிவிடும். ஆனால் அவை வெறும் கண்காணிப்பாளர்கள், ஏறியதும் உடனே விட்டுவிடும், தாமதம் கிடையாது. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஎஸ்3839 வகைக்கு 150 நானோஆம்பியர் போதும். 200 மில்லிவினாடித் தாமதமும் உண்டு, 0.6 வோல்ட் வரை ரீசெட் பிடியும் உண்டு. ஆண்டுச் செலவு 1.3 மில்லிஆம்பியர்-மணி. சிஆர்2032 பேட்டரியின் மொத்தக் கொள்ளளவில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

இந்த எண்ணைப் பார்த்த பிறகு, பேட்டரியைச் சேமிக்கக் காவலை எடுத்துவிட்டேன் என்ற பழைய சமாதானம் நிற்காது.

இங்கே அனுபவசாலிகள் ஒரு நல்ல கேள்வி கேட்பார்கள். ஏடிமெகா328பி சிப்பில் தூங்கும்போது மட்டும் டிடெக்டரை அணைக்கும் வசதி இருக்கிறதே, தூக்கத்தில் எந்தக் கட்டளையும் ஓடுவதில்லையே, விழிக்கும்போது டிடெக்டர் தயாராக 60 மைக்ரோவினாடி எடுத்துக்கொண்டு அதன் பிறகுதானே நிரல் ஓடுகிறது, பிறகு எதற்கு வெளிச் சிப்? பெரும்பாலான நேரம் அவர்கள் சொல்வது சரி. ஓட்டை ஓர் இடத்தில் இருக்கிறது: பேட்டரி மாற்றும்போது. பழைய பேட்டரியைக் கழற்றிவிட்டோம், சிப் தூங்குகிறது, பலகையில் உள்ள கெப்பாசிட்டர் மெல்ல மெல்லக் காலியாகிறது. தூக்கத்தில் செலவு மிகக் குறைவு என்பதால் இந்த இறக்கம் நிமிடக்கணக்கில்கூட நீளும். மின்னழுத்தம் 1 வோல்ட் அருகே வந்தபோது புதிய பேட்டரியைப் போடுகிறோம். மின்சாரம் வரும்போது சிப்பை ரீசெட் செய்ய உள்ளே இருக்கும் பவர்-ஆன் ரீசெட் சுற்று, இறங்கும் திசையில் எப்போது விழிக்கும் என்பதற்கு டேட்டாஷீட் தரும் வரம்பு 0.6 முதல் 1.6 வோல்ட் வரை. நம் சிப்பின் எல்லை 0.7 என்றால் ரீசெட் நடக்காது. ரேமில் இருந்தது பாதி அழிந்திருக்கும், நிரல் விட்ட இடத்திலிருந்து தொடரும். தூக்கத்திலும் விழித்திருக்கும் 150 நானோஆம்பியர் சிப் இந்த ஓட்டையை அடைத்துவிடுகிறது. ஆள் போய்ப் பேட்டரி மாற்றும் எந்தக் கருவிக்கும் இது ஒன்றே போதிய காரணம்.

குறைந்த மின்னோட்டத்துக்கு ஒரு விலை உண்டு: நானோஆம்பியர் ஒப்பீட்டுச் சுற்றுகள் பொதுவாக மெதுவானவை. பயப்பட வேண்டுமா என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். சப்ளையில் 100 மைக்ரோஃபாரட் இருக்கிறது, கருவி 10 மில்லிஆம்பியர் இழுக்கிறது என்றால், மின்சாரம் போனதும் மின்னழுத்தம் மில்லிவினாடிக்கு 0.1 வோல்ட் வீதம் இறங்கும். சிப் 50 மைக்ரோவினாடி தாமதமாக விழித்துக்கொண்டாலும் அதற்குள் இறங்குவது 5 மில்லிவோல்ட். அதே இடத்தில் 1 மைக்ரோஃபாரட் மட்டும் இருந்தால் 50 மைக்ரோவினாடியில் அரை வோல்ட் இறங்கிவிடும். ஆக மெதுவான சிப்பை வேகமான சப்ளையோடு சேர்க்காமல் இருந்தால் போதும்.

அந்த 100 மைக்ரோஃபாரடுக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. ஏற்கெனவே தொடங்கிய ஈஈப்ராம் எழுத்து, நடுவில் ரீசெட் வந்தாலும், மின்னழுத்தம் போதுமானதாக இருக்கும்வரை முடிந்தே நிற்கும் என்று ஏடிமெகா டேட்டாஷீட் சொல்கிறது. எழுத ஆகும் நேரம் சுமார் 3.4 மில்லிவினாடி. மேலே சொன்ன வேகத்தில் அதற்குள் இறங்குவது 0.34 வோல்ட்தான். ரீசெட் நிலையைச் சற்று மேலே வைத்திருந்தால் அந்தக் கடைசி பைட்டும் பத்திரமாகப் போய்ச் சேரும்.

எந்த நிலை, எந்த வெளியீடு

சிப்பைத் தேர்ந்தெடுப்பதைவிட அதன் நிலையைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். 3.3 வோல்ட் சப்ளை, ஏற்றஇறக்கம் நூற்றுக்கு 5 என்றால் 3.135 வரை இறங்கலாம். 809 வரிசையில் 3.08 வோல்ட் நிலை இதற்கென்றே செய்தது போலத் தோன்றும். முழு வெப்பநிலை வரம்பில் அந்தச் சிப்பின் நிலை 3.00 முதல் 3.15 வரை நகரலாம். சப்ளை தன் வரம்புக்குள் இருக்கும்போதே ரீசெட் ஆகிவிடும் பலகைகள் வரும், அதுவும் வெயில் காலத்தில் மட்டும், அல்லது குளிரில் மட்டும். அடுத்த நிலையான 2.93 வோல்ட்டுக்குப் போய்விடுவது நிம்மதி. அதன் மேல் எல்லை 3.00.

நாணய பேட்டரியில் தவறு எதிர்த்திசையில் நடக்கும். பேட்டரி 3 வோல்ட் என்பதால் 2.93 நிலையை வாங்கிவிடுகிறார்கள். பேட்டரியின் உள்தடை 20 ஓம் என்று வைத்தால், ரேடியோ 15 மில்லிஆம்பியர் இழுக்கும்போது 0.3 வோல்ட் இறங்கும். ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் ரீசெட். ரீசெட் ஆனதும் சுமை குறைகிறது, மின்னழுத்தம் ஏறுகிறது, நிரல் மறுபடி தொடங்கி மறுபடி அனுப்பப் பார்க்கிறது. பேட்டரி காலியாகும் வரை இதே சுற்று. பேட்டரிக் கருவியில் ரீசெட் நிலையைச் சிப்பின் தேவையிலிருந்து கணக்கிட வேண்டும், பேட்டரியின் மேல் அச்சிட்ட எண்ணிலிருந்து அல்ல. ஏடிமெகாவை 4 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் 1.8 வோல்ட் போதும், 2.3 வோல்ட்டை ஒட்டிய நிலை அதற்கு மேலே பாதுகாப்பாகவும் ரேடியோ இறக்கத்துக்குக் கீழே தாராளமாகவும் இருக்கும்.

வெளியீட்டு வகையில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. புஷ்-புல் வெளியீடு கொண்ட சிப், தான் விடும்போது ரீசெட் முனையை மேலே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதே முனையைப் புரோகிராமரும் ரீசெட் பட்டனும் கீழே இழுக்கப் பார்த்தால் இரண்டும் மோதும். அப்படிப்பட்ட பலகைக்கு, கீழே மட்டும் இழுத்து மேலே இழுக்காத ஓப்பன்-டிரெயின் வகைதான் சரி. மேக்ஸ்803, எம்சிபி111 இரண்டும் அந்த வகை. புஷ்-புல்தான் கையில் இருக்கிறது என்றால் நடுவே ஒரு கிலோஓம் அளவில் ரெசிஸ்டர் போட்டுச் சமாளிக்கலாம்.

ஓப்பன்-டிரெயினுக்கு மேலே இழுக்கும் ரெசிஸ்டர் ஒன்று வேண்டும். 10 கிலோஓம் போட்டால், ரீசெட்டைப் பிடித்திருக்கும் நேரமெல்லாம் 3 வோல்ட்டில் 300 மைக்ரோஆம்பியர் ஓடும். போதாக்குறைக்கு, ரீசெட்டில் இருப்பதும் தூங்குவதும் ஒன்றல்ல. மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட்டில் இருக்கும்போது தூக்கத்தைவிட அதிகம் குடிப்பது வழக்கம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பேட்டரி என்றால் கவலையில்லை. லித்தியம் ரீசார்ஜ் பேட்டரி என்றால், ரீசெட்டில் கிடந்தபடியே அதை அடிவரை உறிஞ்சிக் கெடுத்துவிடும். அங்கே சூப்பர்வைசரின் வெளியீடு ரீசெட் முனைக்குப் போவதோடு நிற்காமல், சுமையையே துண்டிக்கும் மாஸ்ஃபெட் சுவிட்சையும் இயக்க வேண்டும்.

8051 வகைச் சிப்களுக்கு ரீசெட் மேல்நிலையில் வேலை செய்யும் என்பதை மறந்து 809 வாங்கிவிடுகிறவர்கள் உண்டு. அதற்கு மேல்நிலை வெளியீடு தரும் 810 இருக்கிறது.

வாட்ச்டாக் இருக்கிறதே என்று சொல்பவர்களுக்கு: அது நிரல் சிக்கிக்கொண்டதைக் கண்டுபிடிக்கும், மின்னழுத்தம் போதாததைக் கண்டுபிடிக்காது. 3 வோல்ட்டில் தடம் புரண்ட சிப்பை வாட்ச்டாக் ரீசெட் செய்தால் அது அதே 3 வோல்ட்டில் மறுபடி தொடங்கும். இரண்டும் வேண்டும்.

நான் தேர்ந்தெடுப்பது

நாணய பேட்டரி அல்லது இரண்டு ஏஏ செல்லில் ஆண்டுக்கணக்கில் கிடக்கப்போகும் சென்சாருக்கு, தாமதமும் புஷ்-புல் வெளியீடும் கொண்ட 150 நானோஆம்பியர் வகை. பலகையில் வேறு எதை மிச்சம் பிடித்தாலும் இதைப் பிடிக்க மாட்டேன்.

சுவர் மின்சாரத்தில் 5 வோல்ட்டில் 16 மெகாஹெர்ட்ஸ் ஏடிமெகா என்றால், 809 வரிசையில் 4.00 வோல்ட் நிலை. 3.78க்கு மேலேயும் 4.40க்குக் கீழேயும் இதமாக உட்காரும். மின்னோட்டத்தைப் பற்றிக் கவலையில்லாத இடத்தில் நானோஆம்பியர் சிப்புக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் பொருளில்லை.

செல்போன் வழியாக மோட்டாரை இயக்க வயலில் இருக்கும் ஜிஎஸ்எம் பம்ப் ஸ்டார்ட்டருக்கு, சூப்பர்வைசரோடு வாட்ச்டாக்கும் சேர்ந்த சிப். டிபிஎஸ்3823 அப்படிப்பட்டது, 1.6 வினாடிக்குள் நிரல் தலைகாட்டாவிட்டால் ரீசெட் செய்துவிடும். ஜிஎஸ்எம் மாட்யூல் 2 ஆம்பியர் வரை துடிப்பாக இழுக்கும் என்பதால் அதன் சப்ளையை மைக்ரோகன்ட்ரோலர் சப்ளையிலிருந்து பிரித்துவிட வேண்டும். இல்லையென்றால் எந்த ரீசெட் சிப்பும் உதவாது. ரிலே டிரான்சிஸ்டரின் பேஸில் கீழே இழுக்கும் ரெசிஸ்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். ரீசெட் நேரத்தில் மைக்ரோகன்ட்ரோலரின் கால்கள் மிதக்கும். மோட்டார் தானாக ஓடத் தொடங்கினால் ஆள் உயிருக்கே ஆபத்து.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், பலகையை ஒரு மாற்றத்தக்க சப்ளையில் இணைத்து மின்னழுத்தத்தைக் கையால் மெல்ல இறக்குங்கள்: முழு அளவிலிருந்து பூஜ்ஜியம் வரை, பிறகு மேலே, அடுத்து பாதிவரை இறக்கி மேலே, அடுத்து 1 வோல்ட்டில் ஒரு நிமிடம் நிறுத்தி மேலே. நிரலை ஈஈப்ராமில் இடைவிடாமல் எழுதும்படி வைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் மற்ற முகவரிகளில் இருந்தது அப்படியே இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். ரீசெட் முனையில் ஆசிலோஸ்கோப்பை வைத்தால், எந்த வோல்ட்டில் பிடிக்கிறது, எதில் விடுகிறது, நடுவில் நடுங்குகிறதா என்று மூன்றையும் ஒரே படத்தில் பார்க்கலாம்.